சோப்புக்காரம்மாவின் எண்

ஒசேக்ரோம்
14 ஜூன் 2023

ஃப்ரேமாவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். நான் கடிதம் எழுதிப் பதினைந்து வருடம் இருக்கும். பேனா வாங்கப் போனபோது கடைக்காரன் யாருக்கு எழுத என்று கேட்டான். டெச்சிமானில் இருக்கும் தங்கைக்கு என்றேன். அவளிடம் போன் இல்லையா என்றான். அவளிடம் இருக்கிறது, என்னிடம்தான் இல்லை என்றேன்.

ஜூன் முதல் தேதி காலையில் என் போனில் 'சேவை இல்லை' என்று வந்தது. மழையால் இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அபிகாயிலின் போன் நன்றாக வேலை செய்தது. அப்போதுதான் விஷயம் புரிந்தது: அடையாள அட்டையோடும் விரல் ரேகையோடும் பதியாத எண்களை அரசாங்கம் நிறுத்திவிட்டது.

நீ அபிகாயிலின் போனுக்கு நான்கு முறை அழைத்தாய். நான் குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னது நான்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். நான் சொல்ல வேண்டியதைத் தெரு முழுக்கக் கேட்க வேண்டாம். அதனால் இதை வேன் டிரைவரிடம் சோப்புப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ மறந்திருக்கலாம் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பிப்ரவரியில் நான் என் எண்ணைப் பதியப் போனேன். பள்ளிக்கூடத்து மாமரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். விடியுமுன் போய் வரிசையில் கல் வைத்து இடம் பிடித்தேன். மதியம் மூன்று மணிக்கு என் முறை வந்தது. அடையாள அட்டை சரி, பெயர் சரி. கை விரல்களைப் போனுக்கு முன்னால் நீட்டச் சொன்னாள் அங்கிருந்த பெண். படம் எடுத்தாள், மறுபடி எடுத்தாள், துடைத்துவிட்டு நீட்டச் சொன்னாள். "என்னம்மா வேலை பண்றீங்க? கையில ரேகையே இல்லையே" என்றாள். இருபத்தாறு வருடமாகச் சாம்பல் காரத்தில் சோப்பு கிண்டுகிறேன் என்றேன். இரண்டு மூன்று மாதம் காரத்தைத் தொடாமல் இருந்துவிட்டு வரச் சொன்னாள்.

அன்று மாலையே உன்னை அழைத்தேன். உன் விரலை வைத்து உன் பேரில் பதிந்துவிடு என்று கேட்டேன். வேனில் ஊர் ஊராகப் போய், அடுத்தவர் எண்ணை உங்கள் பேரில் பதியாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவளே அதைச் செய்யலாமா என்றாய். சரி, நியாயம். அதில் எனக்குக் கோபமில்லை. அதற்கப்புறம் ஒன்று சொன்னாயே, அதை எழுதத்தான் பேனா வாங்கினேன். "மே முப்பத்தொண்ணுதான் கடைசின்னு நாங்க கத்துவோம்க்கா. நீ நம்பாத. நாலு தடவ தள்ளி வெச்சவங்க அஞ்சாவது தடவயும் தள்ளி வெப்பாங்க. நீ உன் சோப்பப் பாரு."

நான் என் சோப்பைப் பார்த்தேன்.

என் மகன் பெடியாக்கோவுக்கு வேறு எண் தெரியாது. ஏழு வயதில் உங்கள் ஊர்ச் சந்தையில் தொலைந்து, சாயங்காலம் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் கிடைத்தானே, அன்று இரவே உட்கார வைத்து என் எண்ணைப் பாட்டாகச் சொல்லிக் கொடுத்தேன். போன ஆகஸ்டில் யாருடைய போனிலிருந்தோ அழைத்தான். "வழியில மடக்கினவங்க போன், ஷூ, பெல்ட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்கம்மா. உன் நம்பர மட்டும் எடுக்க முடியல. அது வாய்க்குள்ள இருக்கு" என்று சிரித்தான். எந்த ஊரில் இருக்கிறாய் என்று கேட்பதற்குள் அறுந்துவிட்டது. பத்து மாதம் ஆகிறது. அன்றிலிருந்து போனைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறேன். இப்போதும் அப்படித்தான் படுக்கிறேன். சார்ஜும் போடுகிறேன்.

பெட்டியில் பன்னிரண்டு கட்டி இருக்கிறது. இரண்டை நீ எடுத்துக்கொள்.

கொனாடு


டெச்சிமான்
22 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வேனுக்குள் உட்கார்ந்து படித்தேன். டிரைவர் அந்தோனி யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டான். இல்லை, அக்கா எழுதியிருக்கிறாள் என்றேன். அப்படியென்றால் அதைவிட மோசம் என்றான். அவனுக்கு உன்னைத் தெரியும்.

நான் சொன்னதை மறக்கவில்லை. நீ எழுதியிருப்பதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் நான் பொய் சொல்லவில்லை அக்கா, நினைத்ததைச் சொன்னேன். நாலு தடவை தொண்டை கிழியக் கத்தினேன். நாலு தடவையும் நான் கத்தி முடித்துத் தண்ணீர் குடிப்பதற்குள் தள்ளி வைத்தார்கள். இந்தச் சந்தையில் எனக்கு என்ன பேர் தெரியுமா? கடைசித் தேதி. என் பேர் ஃப்ரேமா என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. மீன்காரிகள், "கடைசித் தேதி வந்துட்டா, ஓடுங்க ஓடுங்க" என்று கையைத் தட்டிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது?

ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கதை. ஓரிடத்தில் இது சாத்தானின் முத்திரை என்று ஒரு போதகர் வேனுக்கு முன்னால் முழங்காலிட்டார். இன்னோரிடத்தில் ஒரு கொக்கோ விவசாயி எழுந்து, "ஓட்டுக்கு விரல் குடுத்தேன், ஆஸ்பத்திரிக்குக் குடுத்தேன், அட்டைக்குக் குடுத்தேன். எனக்கு மொத்தம் எத்தன விரல் இருக்குன்னு உங்க கவர்மென்டு நெனச்சுக்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். கூட்டம் சிரித்து அடங்க அரைமணி ஆயிற்று. அன்று யாரும் பதியவில்லை. இப்படி ஒன்றரை வருடம் போனால், சொல்கிற எனக்கே நான் சொல்வதில் நம்பிக்கை போய்விடாதா?

மே முப்பத்தொன்று மாலை ஆறு மணி வரை ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அறிவிப்பார்கள், இப்போது அறிவிப்பார்கள் என்று. ஏழு மணிக்கு உன்னை அழைத்தேன். நீ அடுப்படியில் இருந்தாய், எண்ணெய் பொங்குகிறது, அப்புறம் பேசு என்றாய். அப்புறம் என்பது இல்லாமல் போய்விட்டது.

போன் கம்பெனி ஆபீசில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் போய்க் கேட்கிறேன். எண் எங்கேயும் போகாது, தடைதான் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அம்மாவின் கொக்கோ நிலத்தை என்னைக் கேட்காமல் விற்று அவனை அந்தப் பாலைவன வழியில் வெளிநாட்டுக்கு அனுப்பியது யார் அக்கா? வேண்டாம் என்று நான் உன் காலைப் பிடித்தேன். அப்போது நீயும்தான் நினைத்ததைச் செய்தாய்.

இந்தப் பத்தியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தாலும் தெரியும். வேறு தாளும் இல்லை.

உன் தங்கை
ஃப்ரேமா


ஒசேக்ரோம்
9 ஜூலை 2023

ஃப்ரேமாவுக்கு,

ஆமாம், நான்தான் அனுப்பினேன். மூன்று பிள்ளைகளைப் புதைத்த பிறகு பிறந்தவன். சாவோடு சண்டை போட வந்தவன் என்றுதானே அந்தப் பேரை வைத்தோம். இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பல் சலித்துக்கொண்டே இருபது வயதாகிவிட்டது. ஒரு நாள் என் கையைப் பார்த்துவிட்டு, உன்னை இந்த வேலையிலிருந்து எழுப்புகிறேன் என்றான். நான் நிலத்தை விற்றேன். நீ எழுதியதில் தப்பில்லை. அந்தப் பத்தியை அடிக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். நீ அடிக்கவும் இல்லை.

தினமும் உன் குரலைக் கேட்கிறேன். சந்தைக் கம்பத்தில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியில் உன் பதிவை இன்னும் போடுகிறார்கள். போடுகிற ஆளிடம் ஜூலை வரைக்கும் போடச் சொல்லியிருந்தார்களாம். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லையாம். அதனால் காலை ஆறு மணிக்கு, மே முப்பத்தொன்றுதான் கடைசித் தேதி, இனி நீட்டிப்பு இல்லவே இல்லை என்று நீ எங்களிடம் சொல்கிறாய். சந்தைக்குப் போகிறவர்கள் சிரித்துக்கொண்டே போகிறார்கள். நான் அடுப்பருகே உட்கார்ந்து கேட்கிறேன். உன் குரல் நன்றாக இருக்கிறது. நம்பும்படியாக இருக்கிறது.

காரத்தை விட்டு ஐந்து வாரம் ஆகிறது. அபிகாயிலைக் கிண்ட வைத்திருக்கிறேன். அவள் கிண்டுவது சோப்பும் இல்லை, கஞ்சியும் இல்லை. நான் ஷியா வெண்ணெயைக் கையில் தடவித் துணி சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சும்மா இருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

புது சிம் வாங்கிக்கொள் என்று அபிகாயில் சொல்கிறாள். புது எண்ணை வைத்து நான் யாரிடம் பேச வேண்டும்?

ஆபீசுக்கு எப்போது வர வேண்டும் என்று எழுது.

கொனாடு


டெச்சிமான்
3 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்கா,

பஸ் ஏற்றிவிட்டபோது நீ திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டாய் என்று தெரிந்துதான் கடைசி வரை நின்றேன். ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் நாம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அந்தோனியிடம் சொன்னேன். மக்காச்சோளக் கென்கே பொட்டலத்தைப் பிரித்து உன் பக்கம் நகர்த்தியபோது உப்பு போதவில்லை என்றாயே, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

உன் விரலைப் பதினோரு தடவை படம் எடுத்தார்கள், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நீ வெளியே போய்ப் படியில் உட்கார்ந்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. என் இரண்டு கையையும் மேசையில் வைத்து, இதில் பத்து விரல் நன்றாக இருக்கிறது, எந்த விரல் வேண்டுமோ எடுத்துக்கொண்டு அந்த எண்ணைத் திறந்துவிடுங்கள் என்றேன். அந்த ஆள் என்னையே பார்த்தான். "வேன்ல பேசறது நீங்கதானம்மா? அடுத்தவங்க எண்ணைப் பதியாதீங்கன்னு நீங்கதான சொல்லுவீங்க?" என்றான். கேலியாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னான். எண் உன் அட்டையோடு பாதி சேர்ந்துவிட்டதாம், தடையும் விழுந்துவிட்டதாம். இனி உன் விரல் மட்டும்தானாம். பிப்ரவரியில் வந்திருந்தால் என் பேரில் மாற்றியிருக்கலாம் என்று கடைசியில் சொன்னான். அவன் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

எண்ணை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை என்றான். நானும் உனக்குத் தேதி எதுவும் சொல்லப்போவதில்லை. இனி யாருக்கும் தேதி சொல்லக் கூடாது என்று இருக்கிறேன். ஆனால் பிழைப்பு விடமாட்டேன் என்கிறது. இப்போது கொசுவலைக்கு வேன் போகிறது. பதினைந்தாம் தேதிக்குள் வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், எல்லோரும் இருபதாம் தேதி வருகிறார்கள்.

தினமும் மதியம் உன் எண்ணை அழைக்கிறேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். அவளுக்கும் நல்ல குரல். எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து ஒரு தடவை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். பெடி அழைத்தாலும் அவள்தான் பேசுவாள்.

கையை நனைக்காமல் பார்த்துக்கொள்.

ஃப்ரேமா


ஒசேக்ரோம்
20 நவம்பர் 2023

ஃப்ரேமாவுக்கு,

வியாழக்கிழமை தனியாகவே ஆபீசுக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. விரலை நீட்டினேன். முதல் தடவையே எடுத்துக்கொண்டது. அந்தப் பெண், "எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்கம்மா" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். கோடு கோடாக இருந்தது. யாருடைய கையோ போலிருந்தது.

பிறகு எண்ணைத் தட்டினாள். இந்த எண் இப்போது எங்களிடம் இல்லை, வெளியே போய்விட்டது என்றாள். எங்கே போயிற்று என்று கேட்டேன். வேறு யாருக்காவது போகும் என்றாள். எழுந்திருக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஆட்கள் நின்றதால் அவள் எனக்கு ஒரு புது எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லும் தெம்பு இல்லாததால் வாங்கிக்கொண்டேன்.

அதை உனக்குத் தரவில்லை. பேசினால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன். எழுதும்போது அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி எழுதலாம்.

நேற்றிலிருந்து நானே கிண்டுகிறேன். காரத்தில் கை வைத்தபோது முதலில் எரிந்தது. இப்போது எரியவில்லை.

கொனாடு


டெச்சிமான்
17 பிப்ரவரி 2024

அக்கா,

பெடி உயிரோடு இருக்கிறான். இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை உட்கார்ந்து படி, அபிகாயிலின் ஸ்பீக்கரில் சொல்கிற செய்தி இல்லை இது.

எண் போய்விட்டது என்று நீ எழுதியதிலிருந்து அழைப்பதை விட்டிருந்தேன். நேற்று மதியம் பழைய பழக்கத்தில் உன் எண்ணை அழைத்தேன். அந்தப் பெண் பேசவில்லை, மணி அடித்தது.  ஒரு ஆண் எடுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "சோப்பு இல்ல. சோப்புக்காரம்மா செத்துப் போச்சு. இனிமே கூப்பிடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மறுபடி அழைத்தேன். அவள் என் அக்கா, சாகவில்லை, நேற்றுகூட அவள் அனுப்பிய சோப்பில்தான் குளித்தேன் என்றேன். பிறகுதான் அவன் விவரம் சொன்னான்.

அவன் பேர் குவான்சா. டக்கோராடியில் சாலையோரம் டயர் பஞ்சர் ஒட்டுகிறான். டிசம்பரில் குடை நிழலில் மேசை போட்டு விற்றவர்களிடம் இந்த எண்ணை வாங்கியிருக்கிறான். முதல் நாளிலிருந்தே உன் வாடிக்கைக்காரர்கள். குமாசியிலிருந்து இரண்டு பெட்டி, தமாலேயிலிருந்து ஐந்து பெட்டி. ஒவ்வொரு தடவையும் லாரிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, கிரீஸ் கையோடு எடுத்து, தவறான எண் என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறான். "பரவால்ல தம்பி, அம்மாகிட்ட குடு" என்பார்களாம். ஒருத்தி, உன்னை வீட்டுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு வியாபாரத்தைப் பிடுங்கிக்கொண்டான் என்று அவனைத் திட்டியிருக்கிறாள். அன்றைக்குத்தான் ஆத்திரத்தில், செத்துவிட்டாள் என்று சொன்னானாம். அந்தப் பெண் அழுதுவிட்டு வைத்துவிட்டாளாம். அதற்குப் பிறகு எல்லோருக்கும் அதையே சொல்லியிருக்கிறான்.

வெளிநாட்டிலிருந்து யாராவது அழைத்தார்களா என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் வார்த்தையைக் கலக்கவில்லை.

"ஜனவரி பதினாலு, ஞாயித்துக்கிழமைம்மா. பெரிய நம்பர். சோப்பு கேக்கல. அம்மான்னு கூப்பிட்டான். நான் வழக்கமா சொல்றதச் சொல்லிட்டேன். வாய் பழகிப் போச்சு. எப்போன்னு கேட்டான். போன வருஷம்னேன். பின்னால பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. வெச்சுட்டான். ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி கூப்பிட்டான். நல்லபடியா அடக்கம் பண்ணாங்களான்னு கேட்டான். அப்பத்தாம்மா இது சோப்பு வாங்கறவன் இல்லன்னு தெரிஞ்சுது.  பெரிய பந்தல், மூணு நாள், ஊரே வந்துச்சு தம்பின்னு சொல்லிட்டேன். ரொம்ப நன்றிண்ணான்னு சொன்னான்."

சொல்லி முடித்துவிட்டு அவன் அழுதான். அவன் சொன்னது கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்ச் சொன்னது. நான் உன்னிடம் சொன்னதும் அப்படித்தான். எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை.

பெடி பேசிய எண் அவனிடம் இருந்தது. அழைத்தேன். டிரிப்போலியில் ஒரு போன் கடை, வேலைக்கு நிற்கும் பையன்கள் ஊருக்குப் பேசும் இடம். கடைக்காரன் பேர் இல்லியாசு, ஹௌசா பேசுகிறான். சந்தையில் கற்ற என் ஹௌசா இதற்காவது உதவியது. நம் நாட்டுப் பையன்கள் நாளைக்கு இருபது பேர் வருகிறார்களாம். பெடியாக்கோ யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு பையன் பேசிவிட்டுக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான், மற்ற பையன்கள் வந்து அவன் மணிக்கட்டில் துக்கத்துக்கான சிவப்புத் துணி கட்டி அழைத்துப் போனார்கள் என்று சொன்னான். அதற்கப்புறம் அவன் வரவில்லை. செத்தவர்களுக்கு யார் போன் செய்வார்கள்?

இல்லியாசுவின் கடையில் பாட்டுப் போட ஒரு பெரிய ஸ்பீக்கர் இருக்கிறதாம். பேசி அனுப்புங்கள், பாட்டுக்கு நடுவில் தினமும் போடுகிறேன், அவன் கேட்காவிட்டாலும் கூட இருக்கிறவன் கேட்பான் என்றான். நீ பேசு அக்கா. அந்தோனியின் வேனில் நானே வந்து பதிவு செய்கிறேன். நான் பேசக் கூடாது. நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஃப்ரேமா


ஒசேக்ரோம்
20 பிப்ரவரி 2024

ஃப்ரேமா,

அவன் உயிரோடு இருக்கிறான். இந்த ஒரு வரியை நேற்றெல்லாம் வைத்துக்கொண்டிருந்தேன். கீழே உள்ளதை இன்று காலைதான் படித்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று முற்றத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு அடுப்பு அணைந்துவிடும் போலிருந்தது, எழுந்து போனேன். ஒன்றரை வருடமாக அவன் செத்திருப்பானோ என்று நான் இருந்தேன். இப்போது நான் செத்துவிட்டேன் என்று அவன் இருக்கிறான். இருவருக்கும் சேர்த்து ஒரு சாவுகூட நடக்கவில்லை.

இப்போது ஒன்று புரிகிறது. போன மாதம் குமாசியிலிருந்து ஒரு பெண் கறுப்பு உடுத்தி, துக்க வீட்டுக்குப் போகிறவள் போல ஒரு பெட்டி பானத்தோடு வந்து என் வாசலில் நின்றாள். என்னைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் போலிருக்கிறது என்று தண்ணீர் கொடுத்தேன். வேறு வீடு என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள். பானத்தை அபிகாயில் வைத்துக்கொண்டாள். குவான்சாவிடம் சொல், அவன் மேல் எனக்கு எதுவும் இல்லை. பெரிய பந்தல் என்று சொன்னானே, அதற்கு நன்றி. நல்ல மனிதன்தான்.

நான் பேச மாட்டேன். அபிகாயிலின் போனில் பேசிப் பார்த்தேன். மூன்று தடவையும் 'மகனே' என்பதோடு நின்றுவிட்டது. அது வந்தாலும் பயன் இல்லை. செத்தவர்களின் குரல் போனில் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். என் குரலைக் கேட்டால், பழைய பதிவை யாரோ வைத்திருக்கிறார்கள் என்று இன்னும் கொஞ்சம் அழுவான்.

நீ பேசு. ஒலிபெருக்கியில் பேசுகிற அதே குரலில் பேசு. சின்னம்மாவின் குரலைக் கேட்டுத்தான் அவன் வளர்ந்தான். உன் பேரைச் சொல். ஒசேக்ரோம் சோப்புக்காரி கொனாடு சாகவில்லை என்று சொல். இன்றைய தேதியைச் சொல். இன்று காலை அவள் கென்கே தின்றாள், உப்பு போதவில்லை என்றாள் என்று சொல். அதைக் கேட்டால் அது நான்தான் என்று அவனுக்குத் தெரியும். மணிக்கட்டில் கட்டியதை அவிழ்க்கச் சொல். என் புது எண் இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதைப் பாட்டாகச் சொல், இரண்டு தடவை, மெதுவாக. பழைய ராகத்திலேயே வருகிறது, நான் பாடிப் பார்த்தேன். நான் செத்த செய்தி கேட்டு நாளை மறுநாள் அவனுக்கு நாற்பதாம் நாள் ஆகிறது. பாவம், அங்கே எதை வைத்து எனக்குச் செய்வான்? அதற்குள் அனுப்பிவிடு.

நீ அழைத்தாலும் எடுப்பேன்.

யார் நம்புவார்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் நம்பினேனே. ஒன்றை மட்டும் விட்டுவிடு. எப்போதும் முடிவில் அழுத்திச் சொல்வாயே, கடைசித் தேதி என்று. இதற்கு அப்படி எதுவும் சொல்லாதே.

அக்கா